மேடைக் கலைஞர் தம் வாழ்க்கையைப் புனைந்து சொல்லலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பில் நாடகம், பட்டிமன்றம், அறிவிப்பு, பாட்டுப் போட்டி, அண்மைக்காலமாக ஸ்டாண்ட்-அப் நகைச்சுவை என்று மேடையேறும் இளையோர் பலர் ஏறக்குறைய இதே கேள்விகளைக் கேட்கிறார்கள். சிலர் தமக்காகவும் சிலர் தாம் பார்த்து மனம் நொந்த ஒருவரைப் பற்றியும் கேட்கிறார்கள். இரு சாராரையும் மனதில் வைத்தே விடைகள் எழுதப்பட்டுள்ளன.

மேடையில் ‘நான்’ என்று சொல்வதெல்லாம் எனக்கு நடந்ததாகவே இருக்க வேண்டுமா?

இல்லை. பட்டிமன்றப் பேச்சாளர் ஒருவர், “இப்போது காலி வீதியில் பஸ்ஸில் வரும்போது பக்கத்தில் இருந்த ஐயா ஒருவர் என்னிடம் கேட்டார்” என்று தொடங்கினால், அந்த ஐயா உண்மையில் இருந்தாரா என்று சபையில் யாரும் யோசிப்பதில்லை. வீட்டுக்காரியிடம் திட்டு வாங்கிய கதை, மாமியார் வந்திறங்கிய கதை, கடன்காரனுக்கு ஒளித்த கதை எல்லாம் இந்த வகையைச் சேர்ந்தவை. பேசுபவருக்கும் கேட்பவருக்கும் இடையில் நெடுங்காலமாக இருந்துவரும் உடன்பாடு இது. சிரித்து முடித்தவுடன் அந்தக் கதையின் வேலையும் முடிந்துவிடுகிறது. அதை நம்பி வீட்டுக்குப் போய் யாரும் எதையும் செய்வதில்லை.

அப்படியானால் தவறு எங்கே தொடங்குகிறது?

கேட்பவர் அந்தக் கதையை நடந்த உண்மையென நம்பி, அந்த நம்பிக்கையின்மேல் ஏதாவது ஒன்றைச் செய்யும்போது தொடங்குகிறது. அவர் பணம் கொடுக்கலாம். தமது வாக்கை ஒருவருக்கு அளிக்கலாம். ஒரு சமூகத்தைப் பற்றித் தாம் கொண்டிருந்த எண்ணத்தை மாற்றிக்கொள்ளலாம். “இதை அனுபவித்தவரே சொன்னார், நான் காதால் கேட்டேன்” என்று பத்துப் பேருக்கு எடுத்துச் சொல்லலாம். பேசியவர் அறியாமலே கேட்டவர் அந்தக் கதைக்குச் சாட்சியாகிவிடுகிறார். இத்துடன் இன்னொன்றையும் கேட்டுப் பார்க்க வேண்டும்: கதையில் வரும் துன்பம் யாருடையது? அது உலகில் ஒருவருக்கு உண்மையில் நேர்ந்ததாகவும், சொல்பவருக்கு நேராததாகவும் இருந்தால், அங்கே எடுத்தவர் ஒருவரும் இழந்தவர் ஒருவரும் இருக்கிறார்கள்.

மேடைக்காகப் பெயரை மாற்றிக்கொள்வதும் பொய்தானா?

இல்லை. வி. சி. கணேசன் சிவாஜி வேடத்தில் நடித்ததைப் பார்த்துப் பெரியார் வைத்த பெயர்தான் ‘சிவாஜி’ கணேசன் என்பது ஊரறிந்த செய்தி. அதனால் ஏமாந்தவர் எவரும் இல்லை.

தம் பிறப்பையே மறைத்த நடிகர்களைப் பற்றி என்ன சொல்வது?

நம் நாட்டோடு தொடர்புடைய ஒருவரை எடுத்துக்கொள்வோம். மேர்ள் ஒபரோன் 1911இல் பம்பாயில் பிறந்தார். கல்கத்தாவில் வளர்ந்து, இலண்டன் வழியாக ஹொலிவூட் போய், 1935ஆம் ஆண்டுப் படமொன்றுக்காகச் சிறந்த நடிகைக்கான ஒஸ்கார் பரிந்துரையும் பெற்றார். அவரை வளர்த்த ஷார்லட் செல்பி இலங்கையில் பிறந்த யூரேசியப் பெண், அதாவது ஐரோப்பிய, ஆசியக் கலப்பு வம்சாவளியினர். ஆனால் உலகுக்குச் சொல்லப்பட்ட கதை வேறு: மேர்ள் அவுஸ்திரேலியாவின் தாஸ்மேனியாத் தீவில் வெள்ளைக்காரப் பெற்றோருக்குப் பிறந்தவர் என்பதே அது. அந்தக் கதையை நம்பி 1978இல் தாஸ்மேனியத் தலைநகர் ஹோபார்ட்டில் அவருக்கு வரவேற்பும் அளித்தார்கள். அடுத்த ஆண்டு அவர் இறந்தார். உண்மை பரவலாக வெளிவந்தது அதற்குப் பிறகுதான். 2023இல் மிஷெல் யோ சிறந்த நடிகைக்கான ஒஸ்காருக்குப் பரிந்துரைக்கப்பட்டபோது, அந்தப் பிரிவில் முதல் ஆசிய வம்சாவளியினர் யார் என்ற பேச்சில் மேர்ளின் பெயர் மறுபடியும் எழுந்தது.

அவரைக் குறைகூறும் முன் அவர் வாழ்ந்த காலத்தைப் பார்க்க வேண்டும். 1934 முதல் கடுமையாக நடைமுறைப்படுத்தப்பட்ட ஹொலிவூட் தணிக்கை விதிகள், வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் இடையிலான காதலைத் திரையில் காட்டத் தடை விதித்தன. நடைமுறையில் ஆசிய நடிகைகளுக்கும் அதே கதவு மூடியிருந்தது. சீன வம்சாவளியைச் சேர்ந்த அன்னா மே வொங் எவ்வளவு புகழ்பெற்றும் பெரிய கதாநாயகி வேடங்களை வெள்ளை நடிகைகளிடம் இழந்தார். பிறந்த இடத்தைச் சொன்னால் வாழ்க்கையே இல்லை என்ற நிலையில் ஒருத்தி அதைச் சொல்லாமல் விட்டதற்கு, அந்த விதியை எழுதியவர்களே முதலில் பதில் சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஆனாலும் ஷார்லட்டை மறக்க முடியவில்லை. இலண்டன் வீட்டுக்கு வந்த விருந்தினர்களுக்கு அவர் பணிப்பெண்ணாகவே தெரியவந்தார் என்று மேர்ளின் வாழ்க்கை வரலாற்றை எழுதியவர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். ஷார்லட் இறந்த பிறகு, மேர்ள் அவருடைய பழைய புகைப்படத்தை ஓவியரிடம் கொடுத்து, தோலின் நிறத்தை வெளுப்பாக்கி வரையச் செய்து, அந்த ஓவியத்தைத் தம் வீட்டில் மாட்டி வைத்திருந்ததாகவும் சொல்லப்படுகிறது. தன்னைக் காத்துக்கொள்ளச் சொன்ன பொய்யின் சுமையைப் பக்கத்தில் இருந்த இன்னொருவர் சுமக்க நேர்ந்தது. தம் கதையைப் புனைய எண்ணும் எவரும், அந்தப் புனைவில் தம் வீட்டார் எந்த இடத்தில் நிற்கப்போகிறார்கள் என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

உயிருக்குப் பயந்து மறைப்பதும் புகழுக்காகப் புனைவதும் ஒன்றா?

ஒன்றல்ல. கொழும்பில் வாழும் நமக்கு இதை விரித்துச் சொல்லத் தேவையில்லை. 1983 ஜூலையில் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாக வந்த கும்பல்களிடமிருந்து பொட்டை அழித்து, தாலியை மறைத்து, தெரிந்த சிங்களத்தைப் பேசித் தப்பிய தாய்மாரைப் பொய்யர் என்று எவரும் சொல்லத் துணியமாட்டார்.

மேடையுலகில் இந்த வேறுபாட்டைக் காட்ட இருவரை அருகருகே வைத்துப் பார்க்கலாம். 1949இல் லொஸ் ஏஞ்சலிஸ் தொலைக்காட்சியில், தலைப்பாகையும் நடுவில் பதித்த கல்லுமாக, ஒரு வார்த்தையும் பேசாமல் கமராவையே பார்த்தபடி ஓர்கன் வாசித்த கொர்லா பண்டிட், தாம் புது டெல்லிப் பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர் என்று சொல்லிவந்தார். அவர் மிசூரி மாநிலத்தில் பிறந்த ஜோன் ரோலண்ட் ரெட் என்ற கறுப்பின அமெரிக்கர் என்பது 1998இல் அவர் இறந்து மூன்று ஆண்டுகளுக்குப் பிறகே வெளியானது. கறுப்பினத்தவருக்கு அந்த வாய்ப்பைத் தராத தொலைக்காட்சி, தலைப்பாகைக்குத் தந்தது.

மற்றவர் சுங் லிங் சூ. சீன மந்திரவாதியாக இலண்டன் அரங்குகளை நிறைத்த இவருடைய இயற்பெயர் வில்லியம் ரொபின்சன்; பிறப்பால் அமெரிக்கர். மேடையில் ஆங்கிலம் பேசமாட்டார். பத்திரிகையாளருக்கு மொழிபெயர்ப்பாளர் மூலமே பதில் சொல்வார். 1918 மார்ச்சில் துப்பாக்கிக் குண்டைக் கையால் பிடிக்கும் வித்தை பிழைத்து நெஞ்சில் குண்டு பாய்ந்தபோது, திரையை இறக்கச் சொல்லி அவர் வாயிலிருந்து ஆங்கிலம் வந்தது. மறுநாள் அவர் இறந்துபோனார். இவருக்கு எந்தக் கதவும் மூடப்பட்டிருக்கவில்லை. உண்மையான சீனக் கலைஞரான சிங் லிங் ஃபூவின் வித்தைகளையும் பெயரின் ஓசையையும் எடுத்துக்கொண்டு, அவருடைய பிழைப்பில் கைவைத்தார். கொர்லா பண்டிட் மறைந்துகொண்டார், ரொபின்சன் பறித்துக்கொண்டார். இந்தியரைப் பற்றி ஒரு பொய்யான படத்தைக் கொர்லா பண்டிட் பரப்பினார் என்ற குறை நியாயமானதே. என்றாலும் இருவரையும் ஒரே தட்டில் வைக்க என் மனம் ஒப்பவில்லை.

“சம்பவம் பொய்யாக இருக்கலாம், உணர்வு உண்மை” என்று சொல்கிறார்களே, அது சரியா?

இந்த வாதம் 2023இல் உலகெங்கும் பேசப்பட்டது. இந்திய முஸ்லிம் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த நகைச்சுவையாளர் ஹசன் மின்ஹாஜ், தம் வாழ்க்கையில் நடந்தவை என்று மேடையில் சொன்ன சில சம்பவங்கள் சொன்னபடி நடக்கவில்லை என்று அந்த ஆண்டு செப்டெம்பரில் நியூயோர்க்கர் இதழ் எழுதியது. பள்ளிவாசலுக்குள் ஊடுருவிய, அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எஃப்பிஐயின் உளவாளியைத் தாம் சிறுவயதில் அடையாளம் கண்டதாக ஒரு கதை. வீட்டுக்கு வந்த கடிதத்திலிருந்த வெள்ளைத் தூள் தம் குழந்தைமேல் கொட்டி, மருத்துவமனைக்கு ஓடியதாக இன்னொரு கதை. குழந்தை மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்படவில்லை என்பதை அவரே ஒத்துக்கொண்டார். தம் கதைகளில் பெரும்பகுதி உணர்வின் உண்மை, மீதி மிகைப்படுத்தலும் கற்பனையும் என்பது அவர் தரப்பு விளக்கம். அடுத்த மாதம் வெளியிட்ட காணொளியில், கட்டுரை தம்மைத் தவறாகச் சித்திரித்ததாகவும் வாதிட்டார்.

அவர் தரப்பில் நியாயம் சிறிதும் இல்லை என்று சொல்ல முடியாது. நகைச்சுவை மேடையில் காலத்தைச் சுருக்குவதும், இரண்டு மனிதரை ஒருவராக்குவதும், உரையாடலைக் கூர்மையாக்குவதும் தொழில்முறை. ஆனால் அந்த உளவாளிக் கதையைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். கலிபோர்னியாவின் ஒரேஞ்ச் கவுண்டிப் பள்ளிவாசல்களுக்கு, இஸ்லாத்தைத் தழுவியவர் என்ற வேடத்தில் ஓர் உளவாளி உண்மையாகவே அனுப்பப்பட்டார். அதில் பாதிக்கப்பட்ட முஸ்லிம்கள் எஃப்பிஐ மீது வழக்குத் தொடுத்து ஆண்டுக்கணக்காக நடத்தினார்கள். அது அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 2022இல் அங்கே தீர்ப்பும் வந்தது. தம்முடன் சேர்ந்து தொழுதவர் தம் பேச்சைப் பதிவுசெய்துகொண்டிருந்தார் என்பதை அறிந்த வேதனை அந்த மனிதர்களுக்குச் சொந்தமானது. “இது அவர்களுக்கு நடந்தது, கேட்டபோது எனக்கு உடல் நடுங்கியது” என்று மின்ஹாஜ் சொல்லியிருந்தாலும் சபை அமைதியாகிக் கேட்டிருக்கும். அப்படிச் சொல்லாததால், முஸ்லிம்கள் முறைப்பாடுகளை மிகைப்படுத்துகிறார்கள் என்று முன்பே சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு வலுவான ஆயுதம் ஒன்று கிடைத்துவிட்டது.

எங்கள் சமூகத்துக்கு நடந்த கொடுமையைத்தானே என் கதையாகச் சொல்கிறேன்? அதில் என்ன பொய்?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் நல்ல மனம் கொண்டவர்கள். 1983இல் எரிந்த வீடும், 2009இல் முள்ளிவாய்க்காலில் இழந்த உறவுகளும், செட்டிகுளம் முகாமின் கூடாரமும் நம் எல்லோருக்கும் சொந்தமான நினைவுகள் என்று அவர்கள் எண்ணுகிறார்கள். நினைவு பொது என்பதில் எனக்கும் கருத்து வேறுபாடு இல்லை. சாட்சியம் மட்டும் பொதுவானதன்று. பார்த்தவரே அதைச் சொல்ல முடியும்.

நம் நாட்டில் இந்த வேறுபாட்டுக்கு இருக்கும் பாரம் வேறெங்கும் இருக்குமா என்பது சந்தேகம். பிள்ளையைக் கையில் பிடித்து இராணுவத்திடம் ஒப்படைத்த தாய், ஆணைக்குழு ஒன்றின் முன் போய்ச் சொன்னார். அடுத்த ஆணைக்குழு வந்தபோது மறுபடியும் சொன்னார். 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் காணாமற்போனோர் அலுவலகம் அமைந்த பிறகு அங்கும் படிவம் நிரப்பினார். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய தொடர் போராட்டத்தில் புகைப்படத்தை மடியில் வைத்தபடி வீதியோரக் கொட்டகையில் இருந்தார். ஒவ்வோரிடத்திலும் அவரிடம் கேட்கப்பட்டவை திகதி, நேரம், இடம், உடுத்தியிருந்த உடுப்பின் நிறம். ஒரு திகதி மாறிச் சொன்னாலே அவர் சொல்வது முழுவதும் ஐயத்துக்குள்ளானது.

அந்தத் தாய் இவ்வளவு பாடுபட்டுக் காத்துவரும் நம்பகத்தன்மையிலிருந்துதான், கொழும்பு மேடையில் நின்று “என் அண்ணனை என் கண் முன்னே கொண்டுபோனார்கள்” என்று அண்ணனே இல்லாத ஒருவர் சொல்லும்போது, ஒரு பகுதி எடுக்கப்படுகிறது. அந்தப் பொய் என்றாவது ஒருநாள் வெளிவரும். இன்று யூடியூப்பில் பேசியதெல்லாம் இருக்கிறது, கூடப் படித்தவர்களும் பக்கத்து வீட்டாரும் இருக்கிறார்கள். வெளிவந்த அன்று, பேசியவருக்கு நேரும் அவமானம் சிறியது. “இவர்கள் சொல்வதெல்லாம் இப்படித்தான்” என்று ஒருவர் சொல்லப்போகும் வாக்கியம் பெரியது. அது போய்ச் சேருமிடம் கிளிநொச்சிக் கொட்டகை. இந்தக் காரணத்துக்காகவே, இந்தப் பக்கத்தில் பேசப்படும் எல்லாப் புனைவுகளிலும் இதை நான் மிகக் கடுமையாக எதிர்க்கிறேன். நல்ல நோக்கம் இதற்கு விலக்களிக்காது.

இதற்கு நேரடியான உதாரணம் அமெரிக்காவில் உண்டு. நகைச்சுவை நடிகர் ஸ்டீவ் ரன்னாசிசி, 2001 செப்டெம்பர் 11 அன்று உலக வர்த்தக மையத்தின் தெற்குக் கோபுரத்தில் வேலைசெய்துகொண்டிருந்து தப்பியதாகப் பல ஆண்டுகள் பேட்டிகளில் சொல்லிவந்தார். 2015இல் அது பொய்யென ஒத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். அன்று அவர் நகரின் வேறொரு பகுதியில் இருந்தார். உண்மையில் அன்று உறவுகளை இழந்த குடும்பங்கள் அதை எப்படிக் கேட்டிருக்கும் என்பதை நம்மைவிட யார் நன்றாக உணர முடியும்?

பொய்யான அடையாளத்தைக் கொண்டு நல்ல பணி செய்திருந்தால்?

அமெரிக்கப் பழங்குடியினராகத் திரையிலும், 1971ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் விளம்பரத்தில் கண்ணீர் வடிப்பவராகவும் உலகறிந்த அயர்ன் ஐஸ் கோடி, உண்மையில் இத்தாலியின் சிசிலியிலிருந்து குடியேறிய பெற்றோரின் மகன். பழங்குடிப் பெண்ணை மணந்து, பழங்குடிப் பிள்ளைகளைத் தத்தெடுத்து வளர்த்து, அவர்களுக்காகவே உழைத்தார். அவர் பிறப்பை அறிந்த பிறகும் பழங்குடியினர் பலர் அவரை மதித்தனர். கனடாவின் பழங்குடியில் பிறந்தவராக அறியப்பட்ட பாடகி பஃபி செயின்ட்-மேரியின் கதை இன்னும் சிக்கலானது. அவர் அமெரிக்காவின் மசசூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்தவர் எனக் காட்டும் பிறப்புப் பதிவை 2023இல் கனடாவின் பொது ஒலிபரப்பு நிறுவனமான சிபிசி வெளியிட்டது. தாம் எவரையும் வேண்டுமென்று ஏமாற்றவில்லை என்று அவர் மறுத்தார். 2025இல் அவருக்கு வழங்கப்பட்டிருந்த கனடாவின் உயர் விருது மீளப்பெறப்பட்டது. அவரை வளர்ந்த வயதில் மகளாக ஏற்றுக்கொண்ட கிரீ பழங்குடிக் குடும்பம் உறவை விட்டுவிடவில்லை.

மன்னிப்பதா இல்லையா என்று தீர்மானிக்க வேண்டியவர்கள் அந்தச் சமூகத்தவர்களே. வெளியில் இருக்கும் நாம் கேட்கக்கூடியது ஒன்று: அந்த இடத்தில் ஏறியிருக்க வேண்டிய, உண்மையாகவே அந்த வாழ்க்கை வாழ்ந்த ஒருவர் கீழே நின்றுவிட்டாரா?

“பொய்மையும் வாய்மை இடத்த” என்று வள்ளுவரே சொல்லியிருக்கிறாரே?

அதே குறளில், குற்றமற்ற நன்மையைத் தருமானால் என்ற நிபந்தனையும் இருக்கிறது. பாதிப்பேருக்கு நன்மையும் மீதிப்பேருக்குக் கேடும் தரும் பொய்க்கு அந்தக் குறள் துணை வராது.

பாட்டுப் போட்டிக்குப் போன என் தங்கையிடம், வீட்டு வறுமையைக் கூட்டிச் சொல்லும்படி தயாரிப்பாளர்கள் கேட்டார்கள். அவள் என்ன செய்திருக்க வேண்டும்?

தங்கையைக் கண்டிக்க வேண்டாம். பதினேழு வயதுப் பிள்ளை, வெளிச்சத்துக்கு முன் நிற்கும்போது, சொல்வதைச் செய்யாவிட்டால் வாய்ப்புப் போய்விடும் என்று பயப்படுவது இயல்பு.

மலையகத்திலிருந்து வரும் பிள்ளைகளுக்கு இந்த நெருக்கடி அதிகம். மேசன் வேலை செய்து தகப்பன் கட்டிய சிறிய வீடு இருந்தாலும், படப்பிடிப்பு நடப்பது தோட்டத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பான லயன் அறையில். எரிவாயு அடுப்பு இருந்தாலும் அம்மா ஊத வேண்டியது விறகடுப்பை. அவர் கொழுந்து பறிக்கப் போகாமல் விட்டு ஆண்டுகள் ஆகியிருந்தாலும் கூடையை மாட்டிக்கொள்ளச் சொல்வார்கள். மலையக மக்கள் இந்நாட்டுக்கு வந்து 2023இல் இருநூறு ஆண்டுகள் நிறைவெய்தின. அவர்களில் பலர் இன்றும் லயன்களில்தான் வாழ்கிறார்கள் என்பது நாடு வெட்கப்பட வேண்டிய உண்மை. அந்த உண்மையை ஒரு பிள்ளையின் பாட்டுக்குப் பின்னணிப் படமாகப் பயன்படுத்தி, அந்தக் குடும்பம் பாடுபட்டு ஏறிய இரண்டு படிகளையும் திரையில் அழித்துவிடுவது அவர்களுக்குச் செய்யும் அவமரியாதை.

அடுத்த முறை கேட்டால், “எங்கள் வீடு இதுதான் அண்ணா, இதையே எடுங்கள், அப்பா கட்டிய கதையை நான் சொல்கிறேன்” என்று சொல்லச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் வீட்டுப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்பது நல்லது.

இது சட்டப்படி குற்றமா?

மேடையில் பொய்க்கதை சொல்வது மட்டும் குற்றமாகாது. அந்தக் கதையைக் காட்டி மருத்துவச் செலவுக்கென்றோ நிவாரணத்துக்கென்றோ பணம் திரட்டினால், தண்டனைச் சட்டக்கோவையில் உள்ள ஏமாற்றுதல் என்ற குற்றத்துக்குள் வரலாம். அப்படிப்பட்ட நிலையில் இருப்பவர் சட்டத்தரணி ஒருவரைக் காண வேண்டும்.

பிறருடைய அனுபவத்தை நேர்மையாக மேடையேற்றுவது எப்படி?

ஒரு வாக்கியம் போதும். “எங்கள் ஒழுங்கையில் இருந்த ஓர் அக்காவுக்கு நடந்தது இது” என்று தொடங்கினால் கதையின் வலு குறையாது. அவர் உயிரோடிருந்தால் அனுமதி கேளுங்கள். பெயர் வேண்டாமென்றால் ஊரையும் மாற்றுங்கள். நாடகமாகச் செய்வதானால் பிரச்சினையே இல்லை, ஏனெனில் அங்கே நீங்கள் வேடம் தரித்திருப்பது எல்லோருக்கும் தெரியும். மிகக் கவனமாக இருக்க வேண்டிய இடம் நிகழ்ச்சிக்குப் பிறகு வரும் பேட்டி. மேடையில் மிகைப்படுத்திய ஒன்றைப் பற்றி ஊடகவியலாளர் “இது உங்களுக்கு உண்மையில் நடந்ததா?” என்று கேட்டால், அந்த இடத்தில் கலைக்குரிய சலுகை எதுவும் கிடையாது. நடந்ததென்றால் நடந்தது, இல்லையென்றால் இல்லை.

ஏற்கெனவே சொல்லிவிட்டேன். இப்போது என்ன செய்வது?

பிறர் கண்டுபிடிக்கும்வரை காத்திருக்க வேண்டாம். எங்கே சொன்னீர்களோ அங்கேயே திருத்துங்கள்: மேடையில் சொன்னதை மேடையிலும், காணொளியில் சொன்னதைக் காணொளியிலும். யாருடைய துன்பத்தை எடுத்தீர்களோ அவர்களிடம் நேரில் போய் மன்னிப்புக் கேளுங்கள். ஏன் அப்படிச் செய்தீர்கள் என்ற விளக்கத்தைச் சுருக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். விளக்கம் நீளும்போது பேச்சு மறுபடியும் உங்களைப் பற்றியதாகிவிடும்.

ரசிகர்களாகிய நாங்கள் ஒவ்வொரு கலைஞரிடமும் ஆதாரம் கேட்க வேண்டுமா?

தயவுசெய்து கேட்காதீர்கள். சந்தேகத்தின் பெயரில் எல்லோரிடமும் தழும்பைக் காட்டச் சொல்லத் தொடங்கினால், உண்மையில் தழும்புள்ளவர்களே முதலில் வாயை மூடிக்கொள்வார்கள். பணம் கேட்கப்படும்போது விசாரியுங்கள். குறிப்பிட்ட ஒருவர்மீதோ சமூகத்தின்மீதோ குற்றம் சுமத்தப்படும்போது விசாரியுங்கள். மற்ற வேளைகளில் நம்பிக் கேளுங்கள்.

அப்பா தம் 1983 கதையை நானே என் கதையாகச் சொல்லலாம் என்று அனுமதித்திருக்கிறார். அப்போது சரிதானே?

அனுமதி தந்தது அவருடைய பெருந்தன்மை. ஆனாலும் நீங்கள் அப்போது பிறந்திருக்கவில்லை. சபையில் அந்த நாளைக் கண்ணால் கண்ட ஒருவராவது இருப்பார், அவர் உங்கள் வயதைக் கணக்குப் பார்ப்பார். அப்பாவின் கதையாகவே சொல்லுங்கள். இரத்மலானை அகதி முகாமில் அவர் எத்தனை இரவு படுத்தார், என்ன உண்டார், திரும்பி வந்தபோது வீட்டில் எது மிஞ்சியிருந்தது என்று அவரிடம் இன்னொரு தடவை கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் அவரை முன்வரிசையில் உட்கார வைத்துக்கொண்டு சொல்லுங்கள். பிழை விட்டால் அவரே திருத்துவார்.